அலையின் வேகத்தில் பாருங்கள்: அரிய பழைய கடல் படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, சரிபார்த்து, முறையாகப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஒரு சின்னப் படகு, அதில் ஒரே ஒருவன். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் பட்டினி. நார்வேயிலிருந்து டென்மார்க் வரை துடுப்புப் போட்டே கடலைக் கடந்து, மூன்று பீப்பாய் பார்லி வாங்கிக்கொண்டு திரும்புகிறான். சொந்தக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்காரர்கள் துரத்திப் பிடித்துவிடுகிறார்கள். பார்லி கடலுக்குள் போகிறது, அவன் சிறைக்குப் போகிறான். ஐந்து வருடம் கழித்து வந்து பார்த்தால் வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள். மனைவியும் மகளும் அநாதைகளைப் புதைக்கும் குழியில்.

இது 1917 ஜனவரியில் ஸ்வீடனில் வெளியான ‘டெர்யே வீகென்’ என்ற மௌனப் படம். இயக்கியதும் டெர்யேயாக நடித்ததும் விக்டர் ஷெஸ்ட்ரோம். பெயர் புதிதாக இருந்தாலும் அந்த முகம் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்மார் பெர்க்மன் 1957-இல் எடுத்த ‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ படத்தில் வரும் முதிய பேராசிரியர் இவர்தான். நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே மனிதர் கடல் நடுவே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு மோசமான பிரதியில். டெர்யே சாவி கொடுத்த பொம்மை மாதிரி படபடவென்று துடுப்புப் போட்டான், அலைகள் வாளித் தண்ணீர்போலக் குதித்தன. துயரமான இடத்தில்கூட மனசு அசையவில்லை. பழைய படம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து மூடிவைத்துவிட்டேன். பல மாதம் கழித்து, வேகத்தைச் சரிசெய்து அதே பிரதியைப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. அந்தத் துடுப்பிலிருந்து நீர் சொட்டுகிற நிதானத்திலேயே அவன் களைப்பு முழுக்கத் தெரிந்தது. குறை படத்தில் இல்லை, நான் பார்த்த விதத்தில் இருந்தது.

அரிய பழைய படம் என்றால் கிடைப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. ஒரே படத்துக்குப் பல பிரதிகள் உலகில் உலவுகின்றன: குறைந்தவை, வேகம் மாறியவை, நிறம் போனவை, வேறு இசை ஒட்டியவை. உங்கள் கையில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் மையம். டெர்யே வீகெனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு போகிறேன். கடலையும் காதலையும் பற்றிய எந்த மௌனப் படத்துக்கும் இதே வழி பொருந்தும்.

படி 1: படத்தின் அடையாளத்தை உறுதி செய்யுங்கள்

தேடுவதற்கு முன்னால் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: மூல மொழியில் படத்தின் பெயர், வெளியான வருடம், இயக்குநர், தயாரித்த நிறுவனம், முக்கிய நடிகர். பெயரை மட்டும் நம்பி இறங்கினால் வழி தவறும்.

டெர்யே வீகென் ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘எ மேன் தேர் வாஸ்’ என்று அறியப்படுகிறது. இரண்டும் ஒரே படம் என்று தெரியாமல் இரண்டாகத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, ‘டைட்டானிக்’ என்ற பெயரில் 1943-இல் ஒரு ஜெர்மன் படம், 1953-இல் ஒரு அமெரிக்கப் படம், 1997-இல் எல்லோரும் பார்த்த படம் என்று மூன்று இருக்கின்றன. பேசும்படம் வந்த புதிதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. டப்பிங் பழக்கத்துக்கு வராத அந்தக் காலத்தில் ஒரே கதையை வெவ்வேறு மொழிகளில் தனித்தனியாகப் படம்பிடித்தார்கள். இ. ஏ. டூபோன் 1929-இல் பிரிட்டனில் எடுத்த ‘அட்லாண்டிக்’ அப்படிப்பட்டது. பனிப்பாறையில் மோதி மூழ்கும் கப்பலின் கதை. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் வேறு வேறு நடிகர்கள், பிறகு பிரெஞ்சிலும் ஒன்று. எந்த மொழிப் பதிப்பு வேண்டும் என்று தெரியாமல் தேடினால், கையில் வருவது நீங்கள் தேடிய நடிகர் இல்லாத படமாக இருக்கும்.

வருடத்திலும் கவனம் வேண்டும். டெர்யே வீகென் படமாக்கப்பட்டது 1916, திரைக்கு வந்தது 1917. பட்டியலுக்குப் பட்டியல் ஒரு வருடம் முன்பின் இருந்தால் வேறு படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்வீடிஷ், ஜெர்மன் பெயர்களில் எழுத்தின் தலைமேல் புள்ளிகள் வரும். புள்ளியோடு ஒருமுறை, புள்ளி இல்லாமல் ஒருமுறை தேடுங்கள். முடிவுகள் வேறாக வரும்.

படி 2: படம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

இது வலிக்கிற படி. ஆனால் தாண்ட முடியாது. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியான அதே 35 மில்லிமீட்டர் வடிவில் முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

ஏன் இவ்வளவு அழிவு? அன்றைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. தீப்பிடிக்காவிட்டாலும் வருடக்கணக்கில் ஒட்டிப் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகும். பேசும்படம் வந்ததும் மௌனப் படங்களுக்குச் சந்தை இல்லை என்று, சுருளில் இருந்த வெள்ளிக்காக அவற்றை உருக்கியவர்களும் உண்டு. 1941 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமின் வின்டர்விக்கனில் இருந்த படச்சுருள் கிடங்கு வெடித்துச் சிதறியது. ஸ்வீடனின் மௌனப் படங்களுடைய மூல நெகட்டிவ்களில் பெரும்பகுதி அன்றோடு போயிற்று. ஆகவே அந்தக் கால ஸ்வீடன் படம் ஒன்றை இன்று பார்க்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் திரையரங்கில் ஓடித் தேய்ந்த பிரதியிலிருந்து மீட்டதைத்தான் பார்க்கிறீர்கள். கீறல்களைப் பார்த்து முகம் சுளிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தின் நிலை நான்கில் ஒன்றாக இருக்கும்: முழுதாக இருக்கிறது, குறைந்து இருக்கிறது, காப்பகத்தில் இருந்தும் இன்னும் நகலெடுக்கப்படவில்லை, அல்லது தொலைந்தே போய்விட்டது.

தொலைந்ததற்கு என் மனசில் நிற்கும் எடுத்துக்காட்டு ‘சேவ்ட் ஃப்ரம் தி டைட்டானிக்’. 1912 ஏப்ரலில் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து உயிர்தப்பிய நடிகை டாரதி கிப்சன் ஒரே மாதத்தில், அந்த இரவில் தான் அணிந்திருந்த அதே உடையை உடுத்திக்கொண்டு தன் கதையில் தானே நடித்தார். படத்தில் அவருக்கு ஒரு காதலன், கடற்படைக்காரன். மகள் பட்டபாட்டைக் கேட்ட தாய், கடலை விட்டுவிடு என்று அவனிடம் மன்றாடுகிறாள். காதலா கடலா என்பதுதான் கதையின் முடிச்சு. 1914 மார்ச்சில் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீயில் இருந்த எக்லேர் ஸ்டுடியோவில் தீப்பிடித்தது, இந்தப் படமும் எரிந்துபோனது. சில புகைப்படங்கள் மட்டும் மிச்சம். இந்தப் படத்தின் முழுப் பிரதி என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நம்பிக்கை தருகிற கதையும் இருக்கிறது. அதே 1912-இல் மீமே மிசு என்பவர் ஜெர்மனியில் அதே விபத்தை ‘இன் நாஹ்ட் உன்ட் ஐஸ்’ என்று மூன்று ரீல் படமாக எடுத்தார். தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1998-இல் ஒரு சேகரிப்பாளரிடம் பிரதி இருப்பது தெரிந்தது. எண்பத்தாறு வருடம் அது யாரோ ஒருவர் வீட்டில் இருந்திருக்கிறது. அதனால் தொலைந்தது என்ற குறிப்பைப் பார்த்தாலும் அது எந்த வருடத்துக் குறிப்பு என்று பாருங்கள்.

படி 3: எங்கே தேடுவது

முதலில் படம் பிறந்த நாட்டின் காப்பகம். டெர்யே வீகெனுக்கு அது ஸ்வீடிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட். அவர்களுடைய இணையத் தரவுத்தளத்தில் நடிகர் பட்டியல், நீளம், தணிக்கை விவரம் எல்லாம் இருக்கும். படம் எந்த நாட்டுடையது என்று தெரியாவிட்டால், 1938-இல் தொடங்கிய உலகத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்பான ஃபியாஃபின் உறுப்பினர் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது, ஆனால் தங்கம். இத்தாலியின் போர்தெனோனே நகரில் 1982 முதல் மௌனப் படங்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. அதன் மலர்களை இணையத்தில் படிக்கலாம். திரையிட்ட ஒவ்வொரு படத்துக்கும் பிரதி எந்தக் காப்பகத்திலிருந்து வந்தது, எத்தனை மீட்டர், நொடிக்கு எத்தனை பிரேம் (சுருளில் உள்ள தனித்தனி அசையாப் படம்) வேகத்தில் ஓட்டினார்கள் என்று குறித்திருப்பார்கள். 5, 6 ஆகிய படிகளில் இந்த மூன்று விவரமும் கை கொடுக்கும். அதே நாட்டின் பொலோன்யாவில் நடக்கும் மீட்டெடுத்த படங்களின் விழா மலர்களும் இப்படித்தான்.

காப்பகத்துக்கு எழுதுவதென்றால் சுருக்கமாக எழுதுங்கள். படி 1-இல் எழுதிவைத்த ஐந்து விவரம், உங்களுக்கு வேண்டியது என்ன (பார்க்க மட்டுமா, திரையிடவா, ஆய்வுக்கா), எந்த மொழி எழுத்து அட்டைகள் (வசனத்தைத் திரையில் எழுதிக் காட்டுபவை) உள்ள பிரதி. ‘உங்களிடம் உள்ள பழைய கடல் படங்கள் எல்லாவற்றின் பட்டியல் அனுப்புங்கள்’ என்று கேட்டால் பதில் வராது. குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் வரும், அன்போடும் வரும். இந்த வேலை செய்கிறவர்கள் அந்தப் படங்களை நேசிக்கிறவர்கள்.

உரிமை பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் வெளியாகி 95 வருடம் முடிந்த படம் பொதுவுடைமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கணக்கு வேறு: இயக்குநர், திரைக்கதையாசிரியர், வசனகர்த்தா, படத்துக்கென்றே இசையமைத்தவர் ஆகியோரில் கடைசியாக இறந்தவரிலிருந்து 70 வருடம். ஷெஸ்ட்ரோம் 1960-இல் இறந்தார். அவரை மட்டும் வைத்துப் பார்த்தாலே 2030 முடியும்வரை அங்கே உரிமை இருக்கிறது. படம் பொதுவுடைமையாக இருந்தாலும் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை உண்டு. இணையத்தில் கிடைக்கிறது என்பதாலேயே பொது இடத்தில் திரையிட்டுவிடாதீர்கள்.

படி 4: டிஸ்க் வாங்குகிறீர்களா?

‘மிக அரிது’, ‘சேகரிப்பாளர் பதிப்பு’ என்ற சொற்களுக்கு மதிப்பே கொடுக்காதீர்கள். விற்பவரிடம் டிஸ்க்கின் அடிப்பக்கப் படம் கேளுங்கள். ஆலையில் அச்சான டிஸ்க் வெள்ளியாகப் பளபளக்கும். வீட்டுக் கணினியில் எரித்தது ஊதா சாயலடிக்கும். நான் ஒருமுறை நல்ல அட்டை, நல்ல உறை பார்த்து ஒன்று வாங்கினேன். திறந்தால் ஊதா டிஸ்க், அதில் பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்த படம். திரையின் கீழ்விளிம்பில் கேசட்டுக்கே உரிய கோணல் கோடு கடைசிவரை நடுங்கிக்கொண்டிருந்தது. கொடுத்த காசைவிட, இதைத்தானா இத்தனை நாள் காத்திருந்தேன் என்ற ஏமாற்றம்தான் பெரிது.

உறையின் பின்பக்கத்தில் எந்தக் காப்பகத்தின் பிரதி, எத்தனை நிமிடம், யார் இசை என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றும் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். டிவிடியில் பிராந்தியக் குறியீட்டையும் (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் எண்) பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்குக்குப் பதிலாக யாராவது பழைய படச்சுருளையே கொடுத்தால் நிதானம் வேண்டும். 35 மில்லிமீட்டர் சுருள், 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால், நைட்ரேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்தில் ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ (எளிதில் தீப்பற்றாத வகை) என்று நுண்ணெழுத்தில் இருக்கும். சேஃப்டி என்று தெளிவாகத் தெரியாவிட்டால் அதைப் புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். காப்பகம் ஒன்றைத் தொடர்புகொண்டு, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். புளித்த வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் சுருள். தீ அபாயம் குறைவு, ஆனால் அழியத் தொடங்கிவிட்டது. மற்ற சுருள்களோடு சேர்த்து வைத்தால் அவற்றையும் கெடுக்கும்.

படி 5: நீளத்தைக் கணக்குப் போடுங்கள்

மௌனப் படங்களின் நீளத்தை நிமிடத்தில் சொன்னால் பாதி விவரம்தான், மீட்டரில் சொன்னால்தான் முழு விவரம். காரணம், ஓட்டும் வேகத்தைப் பொறுத்து நிமிடம் மாறும், மீட்டர் மாறாது.

35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 52.5 பிரேம். உங்கள் படம் 1,200 மீட்டர் என்று ஒரு மலரில் பார்த்தீர்கள் என்று வையுங்கள். 1,200-ஐ 52.5-ஆல் பெருக்கினால் 63,000 பிரேம். நொடிக்கு 16 பிரேம் ஓட்டினால் ஏறக்குறைய 66 நிமிடம், 18 என்றால் 58 நிமிடம், 20 என்றால் 52 அல்லது 53 நிமிடம், 24 என்றால் 44 நிமிடம். இப்போது உங்கள் கோப்பு 44 நிமிடம் ஓடுகிறது என்றால், இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: கால்வாசி காணாமல் போயிருக்கிறது, அல்லது முழுப்படமும் அவசரமாக ஓடுகிறது. எது என்று கண்டுபிடிக்க அடுத்த படி.

படி 6: வேகத்தை அலையிடம் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

மௌனப் பட காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்கு 16, 18, 20 என்று ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். பேசும்படம் வந்ததும் ஒலிக்காக 24 என்று நிலைத்தது. பழைய படத்தை 24-இல் ஓட்டினால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிவார்கள். பழைய படம் என்றாலே ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அந்தக் காலத்து மனிதர்களும் நம்மைப்போலத்தான் நடந்தார்கள்.

மனிதர்களை வைத்து வேகத்தைக் கணிப்பது கஷ்டம். நடிகர் வேகமாக நடித்தாரா, படம் வேகமாக ஓடுகிறதா என்று பிரித்தறிய முடியாது. கடல் படத்தில் நமக்கு ஒரு வரம் இருக்கிறது: தண்ணீர் நடிக்காது. அது புவியீர்ப்பின் வேகத்தில்தான் விழும். பெரிய அலை எழுந்து உடைய நேரம் எடுக்கும், சின்ன அலை சட்டென்று உடையும். படத்தை வேகப்படுத்தினால் நம் கண் அந்த அலையைச் சிறியதாகப் படித்துவிடும். ஆளுயர அலை தொட்டித் தண்ணீர்போல ஆகிவிடும். பொம்மைக் கப்பலை வைத்துப் புயல் எடுக்கிறவர்கள் இதையே திருப்பிப் பயன்படுத்துவார்கள். நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக் கப்பல் என்றால் நான்கு மடங்கு மெதுவாக ஓட்டினால்தான் அலை நிஜ அளவாகத் தோன்றும். முன்னே சொன்ன 1912 ஜெர்மன் படத்திலும் மூழ்குவது மாதிரிக் கப்பல்தான். அதில் தண்ணீரை வைத்து வேகம் கணிக்காதீர்கள். ஆட்கள் நிற்கும் மேல்தளக் காட்சிகளைப் பாருங்கள்.

டெர்யே வீகெனில் நிஜக் கடல் இருக்கிறது. செய்ய வேண்டியது இதுதான். படத்தை விஎல்சி பிளேயரில் திறங்கள். பாறையில் அலை மோதும் ஒரு காட்சியில் நிறுத்துங்கள். சதுர அடைப்புக்குறி விசைகளில் இடப்பக்கத்தது மெதுவாக்கும், வலப்பக்கத்தது வேகமாக்கும். 24-இல் மாற்றிய கோப்பை 18-க்குக் கொண்டுவர 0.75 மடங்கு, 20-க்கு 0.83 மடங்கு, 16-க்கு 0.67 மடங்கு. ஒவ்வொன்றிலும் அதே அலையைப் பாருங்கள். மேலே தெறித்த நீர் உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு கனத்தோடு விழ வேண்டும். விழும் நீருக்குக் கனம் வந்துவிட்டால் வேகம் வந்துவிட்டது. உறுதிசெய்ய, துடுப்பு நீரிலிருந்து வெளியே வரும் காட்சிக்குப் போங்கள். துடுப்பின் தட்டையான நுனியிலிருந்து வழியும் நீர் கோடாகத் தொடங்கிச் சொட்டாக முடிவதைக் கண் பிடித்துக்கொள்ள முடிகிறதா? எனக்கு 0.75-இல் முடிந்தது.

சில பிரதிகளில் வேகத்தை ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். அப்படிப்பட்டதை மறுபடி மெதுவாக்கினால் எல்லோரும் தேனுக்குள் நடப்பது மாதிரி இருக்கும். உடனே தெரிந்துவிடும்.

மெதுவாக்கினால் கூடவே வரும் இசை கெடும். ஒலியை அணைத்துவிடுங்கள். தயக்கம் வேண்டாம், மலிவான பதிப்புகளில் ஒட்டியிருக்கும் இசை பல சமயம் படத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. அந்தக் காலத்தில் திரையரங்கில் பியானோவோ வாத்தியக்குழுவோ நேரில் வாசித்தார்கள், அரங்குக்கு அரங்கு இசை வேறு. நான் முதல் தடவை சத்தமே இல்லாமல் பார்க்கச் சொல்வேன். பத்து நிமிடத்தில் உங்கள் காதே கடல் ஓசையைப் போட்டுக்கொள்ளும்.

நிறம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மௌனப் படங்களில் பலவற்றைச் சாயத்தில் தோய்த்தார்கள்: இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள். நீலமாக ஒரு காட்சி வந்தால் பிழை என்று நினைத்து டிவியில் நிறத்தை அணைத்துவிடாதீர்கள்.

படி 7: எழுத்து அட்டைகளைத் தமிழாக்குங்கள்

வசனத்தைச் சொல்லும் எழுத்து அட்டைகள் இந்தப் படத்தில் மற்றப் படங்களைப்போல ‘மறுநாள் காலை’ என்று வருபவை அல்ல. நார்வே எழுத்தாளர் ஹென்ரிக் இப்சன் 1862-இல் வெளியிட்ட கதைக்கவிதைதான் படத்தின் மூலம். அதன் வரிகளையே அட்டைகளில் போட்டிருக்கிறார்கள். அட்டையைத் தவறவிட்டால் கவிதையைத் தவறவிடுகிறீர்கள்.

தமிழ் சப்டைட்டில் நாமே செய்துகொள்ளலாம். பேசும்படத்துக்கு ஆயிரக்கணக்கான வரி வேண்டும். ஒரு மணி நேர மௌனப் படத்துக்கு அட்டைகள் மட்டும்தான், சில மாலைகளில் முடிகிற வேலை. சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் முதல் வரியில் எண், இரண்டாவது வரியில் நேரம், மூன்றாவதில் தமிழ் வாசகம், பிறகு ஒரு வெற்று வரி. நேரம் இந்த வடிவில் இருக்க வேண்டும்:

00:03:12,000 --> 00:03:19,500

நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவே காற்புள்ளி. புள்ளி வைத்தால் சில பிளேயர்கள் எடுக்காது. சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தில் யூடிஎஃப்-8 (UTF-8) என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழெழுத்து கட்டம் கட்டமாக வரும். படத்தின் கோப்புக்கு என்ன பெயரோ அதே பெயர், கடைசியில் .srt (எஸ்ஆர்டி). பிளேயரில் வேகத்தைக் குறைத்தாலும் சப்டைட்டில் கூடவே மெதுவாகும், கவலையில்லை. மெதுவாக்கிய படத்தைப் புதுக் கோப்பாகவே மாற்றினால் மட்டும் எல்லா நேரத்தையும் அதே விகிதத்தில் நீட்ட வேண்டும். 0.75 மடங்கு வேகம் என்றால் 1.333-ஆல் பெருக்குங்கள்.

மொழிபெயர்ப்பில் என் ஆலோசனை: உரைநடையாகவே எழுதுங்கள், ஆனால் வரியை உடைத்து எழுதுங்கள். எதுகை மோனைக்காக வார்த்தையைத் தேடினால் கடலின் உப்பு போய்விடும். ஒரு திரைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அட்டை மறைவதற்குள் படித்து முடிக்க முடியாவிட்டால் சுருக்குங்கள்.

படி 8: கதை நடக்கும் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

1807-இல் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகன் மீது குண்டு வீசியது. அப்போது நார்வேயும் டென்மார்க்கும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. நார்வே தானியத்துக்கு டென்மார்க்கைத்தான் நம்பியிருந்தது. பிரிட்டன் கடலை அடைத்ததும் தானியம் நின்றது. மரப்பட்டையைப் பொடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். 1814-இல்தான் அமைதி திரும்பியது. டெர்யே கடலைக் கடந்தது இந்தப் பஞ்சத்தில். மூன்று பீப்பாய் பார்லி என்றால் என்ன என்பது இதைத் தெரிந்தால்தான் உறைக்கும். இப்சன் இளவயதில் கிரிம்ஸ்டா என்ற அந்தக் கரையோர ஊரில் மருந்துக்கடையில் வேலை பழகினார். அடைப்புக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் அப்போது ஊரில் இருந்திருப்பார்கள்.

முடிந்தால் படத்துக்கு முன்னால் கவிதையின் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பைப் படியுங்கள். முடிவு தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். 1917-இல் அரங்குக்கு வந்த பலருக்கும் அந்தக் கவிதை முன்பே தெரியும். என்ன நடக்கும் என்பதற்காக அவர்கள் வரவில்லை, எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார்கள்.

படி 9: பார்க்கும்போது

அறையை இருட்டாக்குங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள், இடையில் நிறுத்தாதீர்கள். பேசும்படம் பார்க்கையில் பார்வையைத் திருப்பினாலும் காது கதையைப் பிடித்துக்கொள்ளும். இங்கே கண்ணை எடுத்தால் எல்லாம் போச்சு.

இந்தப் படத்தில் காதலைச் சொல்லும் காட்சிகள் கொஞ்சம்தான். மாலுமியாக ஊர் சுற்றிய ஒருவன் வீட்டுக்கு வந்து, மனைவியையும் குழந்தையையும் பார்த்து, இனி இங்கேதான் என்று மாறுகிறான். அவ்வளவுதான். மீதிக் காதல் முழுவதும் அந்தப் படகில் இருக்கிறது. அவன் தனியாகத் துடுப்புப் போடும் நேரமெல்லாம் மனைவி திரையில் இல்லை, ஆனாலும் அது அவளைப் பற்றிய காட்சி. அப்படிப் பாருங்கள். பிடிபடும் இடத்தில் அவன் கெஞ்சுவது தன் உயிருக்காக இல்லை, பார்லிக்காக.

சிறையிலிருந்து திரும்பிய பிறகு உடம்பைக் கவனியுங்கள். முப்பத்தேழு வயது ஷெஸ்ட்ரோம் நரைத்த மனிதனாக நடிக்கிறார். கண்ணீர் சிந்திக் காட்டாமல், நிற்கும் விதத்திலேயே காட்டுகிறார். படத்தின் தொடக்கத்தில் புயல் இரவில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவன் டெர்யே வருகிறான். முதல் தடவை பார்க்கும்போது அவன் பைத்தியக்காரன் மாதிரித் தோன்றும். படம் முடிந்ததும் அந்த முதல் சில நிமிடங்களை மறுபடி போட்டுப் பாருங்கள். கடலை அவன் ஏன் அப்படிப் பார்க்கிறான் என்று இப்போது தெரியும்.

கடைசிப் பகுதியில் அவன் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட். புயலில் சிக்கிய ஒரு பாய்க்கப்பலைக் காப்பாற்றப் போகிறான். அதில் இருப்பவன் தன்னைப் பிடித்துக்கொடுத்த அதே ஆங்கிலேய அதிகாரி, கூட மனைவி, குழந்தை. பழிவாங்க இதைவிட வாய்ப்பு கிடைக்காது. குழந்தை டெர்யேயின் கையில் இருக்கும் அந்த நேரத்தில் அதிகாரியையும் பார்க்காதீர்கள், அலையையும் பார்க்காதீர்கள். டெர்யேயின் கையைப் பாருங்கள். பிடி எந்த நொடியில் தளர்கிறது, தளர்ந்த கை அந்தக் குழந்தையை எப்படித் தாங்குகிறது என்று பாருங்கள். நான் எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் மூச்சு நின்றுதான் வருகிறது.

படி 10: பார்த்ததைக் குறித்து வையுங்கள்

நீங்கள் பார்த்த பிரதியின் விவரத்தை எழுதிவையுங்கள்: எங்கிருந்து கிடைத்தது, எத்தனை நிமிடம், எந்த வேகத்தில் சரியாக இருந்தது, அட்டைகள் எந்த மொழி, நிறம் உண்டா, எங்காவது காட்சி துண்டித்ததுபோல் தாவுகிறதா, தாவினால் எத்தனையாவது நிமிடத்தில். கோப்பை இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். எரித்த டிஸ்க்கை மட்டும் நம்பாதீர்கள், அதன் சாயம் சில வருடங்களிலேயே மங்கிவிடக்கூடும். தமிழ் சப்டைட்டில் செய்திருந்தால் அதையும் எந்தப் பிரதிக்கு, எத்தனை நிமிடக் கோப்புக்குச் செய்தது என்ற குறிப்போடு சேர்த்து வையுங்கள். வேறொரு நீளமுள்ள பிரதியோடு போட்டால் மூன்றாவது அட்டையிலேயே பிசகிவிடும்.

உங்கள் பிரதியில், காப்பகத்தின் குறிப்பில் இல்லாத ஒரு காட்சியோ அட்டையோ இருப்பதாகத் தோன்றினால் உடனே காப்பகத்துக்கு எழுதுங்கள். நிமிடத்தையும் நொடியையும் குறிப்பிட்டு, அந்தக் காட்சியின் ஒரு படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.